சேற்றுக்குள் வெள்ளை

சேறு காய்கிறவரைக்கும் அவள் பிரஷ்ஷைக் கையிலெடுக்கவில்லை. ஈரச் சேற்றில் கை வைக்கிறவன் அதைத் துணியிலிருந்து எடுக்கவில்லை, நூலுக்குள் குடிவைக்கிறான் என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாகச் சலவைக்கடையின் பின்னறையில் தொங்கிய அவருடைய கோட்டை இப்போதுதான் மேஜைமேல் விரித்தாள். கோட்டின் வலது கையைத் தட்டினாள். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வருஷத்தில் ஒரே ஒரு நாள், பெரிய குதிரைப் பந்தயத்துக்குப் போகிற அன்றைக்கு மட்டும் அப்பா போடுகிற கோட்டு அது. பதினோரு மணிக்குள் அதை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சவப்பெட்டிக்குள் அப்பா அதைப் போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும் என்று தம்பி விமானம் ஏறுவதற்கு முன்பே உத்தரவு போட்டுவிட்டான். உத்தரவு போட அந்த வீட்டில் என்றைக்கு ஆளுக்குப் பஞ்சம் இருந்தது?

எதிர்க்கடை ரொட்டிக்காரர் கதவுக்குள் தலையை நீட்டினார்.

"கொடுத்துவச்ச சாவும்மா. ஆசைப்பட்ட இடத்துல, ஆசைப்பட்டதைப் பாத்துக்கிட்டே போயிட்டாரு."

"அவருக்குத்தான் ரெண்டு கண்ணும் தெரியாதே."

"அதுவும் சரிதான்." அவர் தாடையைச் சொறிந்தார். போவார் என்று பார்த்தாள். போகவில்லை. "கடைசியா எதாச்சும் சொன்னாரா?"

இரண்டு நாளில் இதைக் கேட்கிற எட்டாவது ஆள். ஏழாவது ஆள் தம்பி. போனை வைக்கிற நேரத்தில், "அப்பா என்னைக் கேட்டாரா அக்கா?" என்றான். "நீ வா, நேர்ல பேசிக்கலாம்" என்று தப்பித்துக்கொண்டாள். ரொட்டிக்காரருக்கு முதுகைக் காட்டிக் கோட்டைத் திருப்பிப் போட்டாள். அவர் புரிந்துகொண்டு போய்விட்டார்.

தம்பிக்கு வீட்டில் துரை என்று பெயர். அப்பா வைத்த செல்லப்பெயர். பேருக்கேற்றபடிதான் வளர்ந்தான், ஒரு நாள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவன் இல்லை. ஏழு வயசிலிருந்து அவனைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா பந்தயத்துக்குப் போனார். சாயங்காலம் இரண்டு பேரும் திரும்பி வந்து, இதே மேஜையில் கஞ்சிப்பசைப் புட்டிகளையும் நீலப் புட்டிகளையும் வரிசையாக நிறுத்தி, எந்தக் குதிரை எங்கே முந்தியது என்று நகர்த்தி நகர்த்திக் கத்துவார்கள். அவர்களுடைய சேற்றுக் கால்சட்டைகளை ஊறவைத்துக்கொண்டே அவள் கேட்பாள். பன்னிரண்டு வயசில் ஒரு தடவை, "நானும் வரேம்ப்பா" என்றாள். "நீ வந்துட்டா கடையை யாரு பாத்துக்கறது?" என்றார். இருபதிலும் அதே பதில். முப்பதில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். துரை வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனபிறகும் பந்தயத்துக்குத் தவறாமல் வந்துவிடுவான். அப்பாவுக்குக் கண்நரம்பு பட்டுப்போய், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மட்டும் வித்தியாசம் தெரிகிற நிலை வந்தபிறகு, துரை தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பந்தயத்தை வாயால் சொல்ல, அவர் காதால் பார்த்தார்.

இந்த வருஷம், "லீவு கிடைக்கலப்பா" என்றான். அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டு, "சரி, நீயாவது வா" என்றார்.

நீயாவது! நாற்பத்து நான்கு வயசில் கிடைத்த அழைப்பு. அந்த ஒரு வார்த்தைக்காகவே முடியாது என்று சொல்லியிருக்கலாம். வெட்கங்கெட்ட மனசு, குதியாட்டம் போட்டது. பத்திரிகையில் வந்த பட்டியலை இஸ்திரி மேஜைக்கு எதிரில் ஒட்டி, எந்தக் குதிரைக்காரனுக்கு என்ன சட்டை என்று ஒரு வாரம் மனப்பாடம் செய்தாள். மூன்று, பச்சை. ஐந்து, மஞ்சளில் கறுப்புக் கட்டம். பதினொன்று, நீலத்தில் சிவப்புப் புள்ளி. துணியின் நிறம் அவளுக்குத் தெரியாததா? துரையைவிட நன்றாகச் சொல்லிவிட வேண்டும். அப்பா ஒரே ஒரு தடவை "பலே" என்று சொன்னால் போதும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

முந்தின நாள் முழுக்க மழை. கடைசி வளைவில், வேலிக்கம்பியை ஒட்டி மடக்கு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தாள். சுற்றிலும் குடையும் தொப்பியுமாகக் கூட்டம் நெருக்கியது. ஒலிபெருக்கி இருந்தது. ஆனால் அப்பா, "அவன் எல்லாக் குதிரைக்கும் சொல்லுவான். என் குதிரைக்கு நீ சொல்லு" என்றார். அவர் பணம் கட்டுகிறவர் இல்லை. ஒரு குதிரையை மனசில் வரித்துக்கொண்டு அது ஜெயிக்கட்டும் என்று தவம் கிடப்பதோடு சரி. இந்த வருஷம் அவர் வரித்தது ஒன்பதாம் நம்பர். முழு வெள்ளைச் சட்டை.

"கிளம்பிட்டாங்கப்பா! பச்சை முன்னால, மஞ்சக் கட்டம் அதை ஒட்டி. நீலப்புள்ளி மூணாவது."

"வெள்ளை?"

"கடைசிக்கு முந்தி."

"இருக்கட்டும். அது அப்படித்தான் போகும். நீ சொல்லு."

சொன்னாள். நாற்பத்து நான்கு வருஷத்தில் அப்பா இவ்வளவு நேரம் குறுக்கே பேசாமல் அவள் பேச்சைக் கேட்டதில்லை. குரல் தானாக ஓங்கியது. பக்கத்திலிருந்த ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது சுற்று வந்தது. முன்னால் ஓடுகிற குதிரைகள் குளம்பால் வாரியடித்த சேறு, பின்னால் வந்தவர்கள் மேலெல்லாம் அப்பியது. வெள்ளையைத் தேடினாள். இல்லை. தூரக்கண்ணாடியைக் கடைசிக் குதிரைவரைக்கும் ஓட்டினாள். இல்லவே இல்லை.

"வெள்ளையைக் காணோம்ப்பா."

"காணோம்னா?"

"விழுந்துடுச்சோ என்னமோ. வெள்ளைச் சட்டையே இல்ல. மண்கலர்ல ஒருத்தன் ஓரமா ஏறி வரான். யாருன்னு தெரியல. பட்டியல்ல அப்படி ஒரு கலரே இல்லப்பா."

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்கு நன்றாகக் கேட்டது.

"சேறு. சேத்துக்குள்ள பாரு துரை. சேத்துக்குள்ள வெள்ளை இருக்கும், பாரு துரை!"

சுருக்கென்றது. அத்தனையும் அவனுக்கா? தொண்டை கிழிய இவ்வளவு நேரம் சொன்னது அவனுக்கா?

"துரை வரலப்பா!" அவள் தூரக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே கத்தினாள். "அவனுக்கு நீங்க முக்கியமில்ல. வரல. நான்தான் வந்திருக்கேன். நான்!"

குதிரைகள் இடி மாதிரி வளைவைக் கடந்தன. கூட்டம் எழுந்து நின்று கூச்சல் போட்டது. மண்கலர்ச் சட்டைக்காரன் அரைக் குதிரை நீளம் முந்தி எல்லைக்கம்பத்தைத் தாண்டியபோதுதான் அவனுடைய அக்குளுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை தெரிந்தது. தினமும் அழுக்கிலேயே பிழைக்கிறவள், அழுக்குக்கு அடியில் என்ன நிறம் என்று பார்க்கத் தெரியாமல் நின்றிருக்கிறாள். ஒலிபெருக்கி ஒன்பது என்றது.

"வெள்ளைதாம்ப்பா! நம்ம வெள்ளைதான்!" என்று குனிந்தாள்.

அவர் நாற்காலியில் வலதுபக்கமாகச் சாய்ந்திருந்தார். தோளைத் தொட்டதும் சேற்றில் சரிந்தார்.

கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கடைசியாக நீ என்ன சொன்னாய் என்று யாரும் கேட்கவில்லை. அது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்று இரண்டு நாளாக அவள் தன்னைத்தானே குடைந்துகொண்டிருக்கிறாள்.

வாசலில் கார் நின்றது. துரை உள்ளே வந்தான். பெட்டியைக் கீழே போட்டுவிட்டு, "அக்கா" என்று கட்டிக்கொண்டு குலுங்கினான். அவள் கையில் பிரஷ் இருந்தது. அந்தக் கையை அவன் முதுகில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் வந்திருக்கணும்க்கா. லீவெல்லாம் கிடைச்சிருக்கும். நான் கேக்கவே இல்ல. வருஷா வருஷம் என்னடா இதுன்னு ஒரு சலிப்பு." மூக்கை உறிஞ்சினான். "என்னைக் கேட்டாரா? என் பேரைச் சொன்னாரா?"

அவன் முகத்தைப் பார்த்தாள். ஏழு வயசில் தோளிலிருந்து இறங்கும்போது இருந்த அதே முகம். சொன்னார்டா, உன் பேரைத்தான் சொன்னார், ரெண்டு தடவை சொன்னார். வாய்வரை வந்துவிட்டது.

"ஒண்ணும் சொல்லல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"குதிரையைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார்."

"எது ஜெயிச்சுது?"

"அவரோட குதிரைதான்."

"அது அவருக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னேனே" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு மேஜைப்பக்கம் திரும்பிக் கோட்டைத் தடவிப் பார்த்தான்.

"இன்னும் முடியலையாக்கா? மணி பத்தேகால். காலர்ல எவ்வளவு சேறு பாரு."

"முடிஞ்சிடும்."

"தள்ளு, நான் பண்றேன். அப்பாவுக்கு இதாவது நான் செய்யறேன்."

கைக்குட்டையைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்தான். காலரை இடதுகையால் இழுத்துப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, அழுத்தித் தேய்த்தான். காய்ந்திருந்த சேறு கரைந்தது. பழுப்பாகப் பரவி நூலுக்குள் இறங்கியது. அவன் கைக்குட்டையை மடித்து, இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

அவள் பிரஷ்ஷை ஆணியில் மாட்டிவிட்டு, பார்த்துக்கொண்டு நின்றாள்.