நாலு சிவப்புக் கல்

அறுபத்து நான்காம் வருடம், மகள் பேச்சிக்கு அம்மை கண்டபோது முப்பிடாதியம்மாள் நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தால், பூவும் கல்லும் சேர்த்துச் செய்த புது மாலையை உருட்டி, கோயில் கொடையன்று மாரியம்மன் முன்னால் நூற்றெட்டுத் தடவை அம்மன் பேரைச் சொல்வதாக. மாலை கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது.

பேச்சி பிழைத்தாள்.

அம்மன் கழுத்தில் வாடிய ரோஜா மாலைகளைப் பூசாரி சொரிமுத்துவிடம் கேட்டு வாங்கி, இதழ்களை உதிர்த்து அம்மியில் அரைத்தாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் அதே வரிசை வீட்டில் அடுத்த அறையில் குடியிருந்தாள். லூசியம்மாள், தூத்துக்குடியில் கன்னியாஸ்திரீகளிடம் கைவேலை படித்தவள். அரைத்த இதழை இரும்புச் சட்டியில் சுண்டக் காய்ச்சி, கறுத்ததும் உருட்டி, ஊசியால் துளைத்துக் காயவைத்து மணி செய்வாள்.

முப்பிடாதி அரைத்ததையும், மாஹிம் கடைத்தெருவில் வாங்கிய ஒரு கை சிவப்புக் கல்லையும் கொடுத்தாள்.

"பாத்துச் செய்யிட்டி. சாமி காரியம்."

"நான் என்ன பொரியுருண்டையாக்கா உருட்டப் போறேன்?"

கொடையன்று காலையில் லூசி மாலையைக் கொண்டுவந்தாள். துணியைப் பிரித்ததும் அறை மணத்தது. கறுப்பு மணிகளுக்கு இடையில் சிவப்புக் கல். முப்பிடாதி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தாக்கா, மிச்சக் கல்லு."

"மிச்சமா?"

"நாலுதான வேணும்."

முப்பிடாதி மாலையைத் தடவிப் பார்த்தாள். பத்து மணி, ஒரு கல். பத்து மணி, ஒரு கல். ஐந்தாவது பத்தோடு முடிச்சு வந்துவிட்டது.

"ஏட்டி, நூத்தெட்டு எங்க?"

"எந்த நூத்தெட்டு?"

"மாலைன்னா நூத்தெட்டுலா."

"மாலைன்னா அஞ்சு பத்துலாக்கா." லூசியின் முகம் மாறியது. "ஜெபமாலைக் குருசு வைக்கல. அதுல கவனமாத்தான் இருந்தேன். கோக்கும்போது வாய் தன்னால மாதாவுக்கு மங்கள வார்த்தை சொல்லுது. பத்து ஆனதும் கை கல்லைத் தேடுது."

முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கொடை இன்றைக்கு. புதிய மணி காய ஒரு வாரம் ஆகும். வெளியே மேளம் கேட்டது. மிச்சக் கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். பேச்சியைத் தூக்கிக்கொண்டு லூசியும் பின்னால் வந்தாள்.

சொரிமுத்து மில்லில் நூல் சுற்றிய பாபின் எண்ணுகிறவர். கோயிலிலும் எண்ணுவார். மாலையை வாங்கி விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார்.

"கல்லோட சேத்து அம்பத்தி நாலு. என்ன முப்பிடாதி, அம்மா பாதி அம்மையத்தான் எறக்குனாளா?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். முப்பிடாதி சிரிக்கவில்லை.

"பாதின்னா சரிபாதியா?"

"சரிபாதிதான். ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல."

"அப்ப ரெண்டு சுத்து வாரேன்."

சொரிமுத்து எண்ணிப் பார்த்தார். நகர்ந்து இடம் விட்டார்.

முப்பிடாதி உட்கார்ந்தாள். மணிக்கு ஒரு பேர். கல் விரலில் பட்டால் ஒரு மூச்சு, அதற்கும் ஒரு பேர். முடிச்சு வந்தது. திரும்பவும் தொடங்கினாள். வாசலில் நின்ற லூசியின் உதடும் அசைந்தது. என்ன சொல்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் தோளில் பேச்சி தூங்கிப்போனாள்.

இரண்டாம் தடவை முடிச்சு வந்ததும் முப்பிடாதி எழுந்து கும்பிட்டாள். திருநீறு பூச வந்த சொரிமுத்து குரலைத் தாழ்த்தினார்.

"அந்த லூசிப் பிள்ளைட்ட சொல்லி எனக்கும் ஒண்ணு கோக்கச் சொல்லு."

"நூத்தெட்டா?"

"இதே மாதிரி. வெறும் மணின்னா எனக்கு நடுவுல தூக்கம் வந்துருது. கல்லு பட்டா முழிச்சுக்கிடலாம்."

முப்பிடாதி முந்தானையை அவிழ்த்து நாலு கல் பொறுக்கினாள்.