சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்

கிடங்கு நிர்வாகத்துக்கு ஒரு நாள் திடீரென்று தொழிலாளிகள் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பாசம் கறுப்பு ரப்பர் பட்டையின் வடிவில் இருந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நடை, நாடி, தூக்கம் எல்லாவற்றையும் எண்ணும். பட்டை வழங்கும் விழாவில் நல அதிகாரி, "உங்க இதயம் இனிமே எங்க பொறுப்பு" என்று நெஞ்சில் கை வைத்துப் பேசினார். கையை வலப்பக்கம் வைத்திருந்தார்.

விதி எளிமையானது. ஆறு மணி நேரம் தூங்காத கிரேன் ஓட்டுநர் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. கீழே நின்று மூட்டை எண்ண வேண்டும். மாதத்தில் பத்து நாள் அப்படி நின்றால் நிரந்தரமாகக் கீழேதான். காலை ஐந்து மணி ஷிப்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் எல்லாருமே தூங்கலாமே என்று ஒருவர் கேட்டார். அது நலத் திட்டத்துக்குள் வராது என்று பதில் வந்தது.

நம் கிரேன்காரர் வீட்டில் எட்டு மாத இரட்டைப் பிள்ளைகள். ஒன்று ஓய்ந்தால் மற்றது தொடங்கும். கிடங்கைவிட ஒழுங்காக ஷிப்ட் மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள். முதல் வாரத்திலேயே நான்கு நாள் மூட்டை எண்ணினார். பதினாறு வருஷம் எல்லாரையும் மேலிருந்து பார்த்துப் பழகியவருக்கு, அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

யோசனை சொன்னவன் மைத்துனன். கீழ்ப் போர்ஷனில் தையல் கடை. முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஒன்பது மணிக்குச் சாய்ந்தால் தலைமாட்டில் லாரி போனாலும் அசைய மாட்டான் என்பதால் தெருவில் அவனுக்குப் பெயர் 'கட்டை'.

"பட்டையைக் குடுங்க மாமா, நான் தூங்கிக் குடுக்கறேன். இந்த ஒரு வேலையில நான் யார்கிட்டயும் திட்டு வாங்கினதில்ல."

"புளுகாதடா மாப்ளே. உங்கக்கா தினமும் அதுக்குத்தானே திட்டறா?"

அன்று முதல் பட்டை ஒன்பது மணிக்குக் கீழே இறங்கும், விடிவதற்குள் மேலே ஏறும். மாதக் கடைசியில் கிரேன்காரருக்கு 'இம்மாதத்தின் மிகச் சிறந்த உறக்கம்' என்று சான்றிதழ் கொடுத்து, கைகுலுக்கிப் படம் எடுத்தார்கள். படத்தில் அவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அரசு உரிம அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உறக்கத்தில் இருபத்து மூன்று இரவுகள் அவருடைய இதயம் ஆபத்தான முறையில் தடுமாறியதாகப் பதிவாகியிருப்பதால், கிரேன் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது.

"எனக்கா? நான் குதிரை மாதிரி இருக்கேன்" என்று அவர் ஆரம்பித்தார். மனைவி கடிதத்தை வாங்கி ஒருமுறைதான் படித்தாள்.

"அது உங்க நெஞ்சு இல்லீங்க. ராத்திரி பட்டையைக் கட்டிக்கிட்டது யாரு?"

கீழே தையல் மிஷின் ஓடுவது கேட்டது.

"ஊசி கோக்கறப்போ தலை சுத்துதுன்னு ஒரு மாசமா சொல்றான். கண்ணாடி மாத்துடான்னு சொல்லிட்டிருந்தேன்" என்றாள். "என் தம்பி தூக்கத்துல செத்துப் பொழைச்சிருக்கான். நீங்க அதுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வந்தீங்க."

டாக்டர் கட்டையைப் பகலில் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. "தூக்கத்துல மட்டும் வர்ற கோளாறு. ராத்திரிப் பதிவு இல்லாம நான் எதையும் தொட முடியாது. இங்க அதைப் பதிவு பண்ற மிஷினுக்கு மூணு மாசம் வரிசை. அந்தப் பட்டையில இருக்கறதைக் கொண்டுவாங்க, இன்னைக்கே சேர்த்துக்கறேன்."

"அதுவரைக்கும் முழிச்சே இருந்துட்டா போதுமா டாக்டர்?" என்று கேட்டான் கட்டை. டாக்டர் சிரிக்கவில்லை.

கட்டையை வாசலில் ஸ்கூட்டரோடு நிறுத்திவிட்டு, கிரேன்காரர் நல அதிகாரியின் அறைக்குப் போனார். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு பெரிய சிவப்பு இதயம் சிரித்தது.

"என்னைக்குத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"முதல் ராத்திரியே சிஸ்டம் பிடிச்சிடுச்சு சார். அவ்வளவு துல்லியம்!"

"எனக்கு ஏன் சொல்லல?"

அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார். "உடம்பு விஷயம் ரொம்ப அந்தரங்கம் இல்லையா? சம்பந்தப்பட்டவங்களுக்கு மட்டும்தான் சொல்லுவோம்."

"யாரு அந்தச் சம்பந்தப்பட்டவங்க?"

"நிர்வாகம், இன்சூரன்ஸ், உரிம அலுவலகம். அப்புறம் பட்டை தயாரிக்கிற கம்பெனி."

"நெஞ்சுக்குச் சொந்தக்காரன்?"

"அவருக்குச் சொன்னா வீணா பயப்படுவார் சார்."

கிரேன்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இருபத்து மூன்று இரவு. ஒவ்வொரு காலையும் அந்தக் கட்டை எழுந்து வந்து, "நல்லாத் தூங்கினேன் மாமா" என்று பட்டையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறான்.

"அந்தப் பதிவு எனக்கு வேணும்."

"தாராளமா. இதுல ஒரு கையெழுத்து மட்டும்." ஒரு தாள் நீண்டது. இதயக் கோளாறு தனக்கு இருப்பதை ஒப்புக்கொள்வதாகவும், இனி எந்தக் காலத்திலும் கிரேன் உரிமம் கோரப்போவதில்லை என்றும் அதில் அச்சிட்டிருந்தது.

"ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். அது என் நெஞ்சு இல்லைன்னா?"

"அப்போ மோசடி சார். வேலை போயிடும். பதிவையும் உடனே அழிச்சிடுவோம். அடுத்தவங்க அந்தரங்கத்தை நாங்க வெச்சிருக்கலாமா? தப்பில்லையா?"

கிரேன்காரர் தாளை இழுத்து, பேனா கிழிக்கிற அளவுக்கு அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

அச்சு இயந்திரம் நிதானமாகத் தாள்களைத் துப்பத் தொடங்கியது. அதிகாரி தன் திரையைப் பார்த்துப் பதறினார். "சார், உங்க துடிப்பு இப்ப நூத்தி நாப்பத்தி ரெண்டு! பாருங்க, வியாதி எப்படிக் காட்டிக்குடுக்குதுன்னு. மூச்சை ஆழமா இழுத்து விடுங்க."

"இது வியாதி இல்லய்யா." கிரேன்காரர் பட்டையைப் பிய்த்து அதிகாரியின் டீக் கோப்பையில் போட்டார். "உன் கழுத்தைப் பிடிக்காம நின்னுட்டிருக்கேன் பாரு, அதுக்கு நெஞ்சு இவ்வளவு வேலை செய்ய வேண்டியிருக்கு. இதையும் எழுதி உன் சம்பந்தப்பட்டவங்களுக்கெல்லாம் அனுப்பு."

தாள்களை அள்ளிக்கொண்டு இறங்கினார். வாசலில் கட்டை ஸ்கூட்டர் மேல் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தான். அவர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். தேவைக்கு மேலேயே உலுக்கினார்.

"கிடைச்சுதா மாமா? என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கண்ணைத் தொற. பின்னாடி ஏறி என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் வாய் ஓயாம பேசிக்கிட்டே வா."