பழைய ஆட்டம் அழிந்துவிடும்

பல்லடத்தில் அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் பிரவீனாவுக்குத் தான் செய்கிற காரியம் உறைத்தது. நிச்சயம் ஆன பெண், தாலி ஏறும் முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் படியை மிதிப்பதில்லை. அதுவும் தனியாக, பீளமேட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, சொல்லாமல் கொள்ளாமல்.

கைப்பையில் ஒரு மஞ்சள் வீடியோ கேம் கேசட் இருந்தது. நேற்று சிங்கப்பூரிலிருந்து வந்த தம்பிதுரை சித்தப்பா அதை மதன்குமாரின் மாலை போட்ட படத்துக்கு முன்னால் வைத்தார். "காயிதம் போட்டுக் கேட்டிருந்தான். நாந்தான் லேட் பண்ணிப்போட்டேன்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

மதன் அவளுடைய தம்பி. பதின்மூன்று வயது. ஆவணியில் சைக்கிளில் போனவன்மேல் லாரி ஏறிவிட்டது. அவனிடம் உள்ளங்கையில் அடங்குகிற வீடியோ கேம் ஒன்று இருந்தது. விசித்திர மிருகங்களைப் பிடித்து, பேர் வைத்து, பழக்கி வளர்க்கிற விளையாட்டு. அதையே மெருகேற்றி மறுபடி மஞ்சள் கேசட்டாக விட்டிருந்தார்கள். இதில் குட்டி மிருகம் கூண்டுக்குள் அடைபடாது, கூடவே நடந்து வரும், திரும்பிப் பார்த்தால் முகம் காட்டும். பழைய கேசட்டில் வளர்த்தவற்றை ஒயர் போட்டு இதற்குள் கூட்டி வந்துவிடலாம் என்று மதன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சித்தப்பா போன பிறகு பிரவீனா பீரோவைத் திறந்தாள். கேம் இல்லை.

"வெள்ளிக்கெழமை பல்லடத்துக்காரங்க வந்தாங்கல்ல" என்றாள் அம்மா ராசாத்தாள். "அந்தப் புள்ளை சிந்துஜா, இது எனக்கான்னு கேட்டுச்சு. சம்மந்தி ஊட்டுப் புள்ளை வாய் தொறந்து கேக்கறப்ப எப்படி இல்லைங்கறது? எடுத்துக்க கண்ணுன்னுட்டேன்." கொஞ்சம் கழித்து, "பேட்டரி இல்லாமத்தான் குடுத்தேன்" என்று சேர்த்துக்கொண்டாள், அதில் ஏதோ சமாதானம் இருப்பதுபோல.

பேட்டரி இல்லாவிட்டால் மதன் வளர்த்ததை யாரும் அழித்திருக்க முடியாது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பிரவீனா மறுநாள் காலையில் பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது துளசிமணி, அந்த வீட்டு மூத்த மருமகள். அவள் கண் பிரவீனாவைத் தாண்டித் தெருவுக்குப் போய், கூட வந்தவர்களைத் தேடித் திரும்பியது.

"தனியாவா வந்தே அம்மணி?"

"ஆமாங்க்கா."

"உள்ள வா. உன்ற மாப்பிள்ளை சோமனூர் போயிருக்கறாரு. தெரிஞ்சிருந்தா பாதி வழியிலயே வண்டியைத் திருப்பியிருப்பாரு."

பிரவீனா சிரிக்கப் பார்த்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தடதடப்பில் வேறெதுவும் கேட்கவில்லை. எதிர்ச்சுவரில் கடிகாரம் பத்து இருபது காட்டியது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டாகப் பத்து நிமிஷம்.

"அதைப் பாக்காதே" என்றாள் துளசிமணி. "அந்தப் பேட்டரியையும் அலாரத்துல இருந்ததையும் கழட்டிட்டுப் போயிட்டா எம் பொண்ணு. உங்கம்மா குடுத்தாங்களே, அதுக்குத்தான். காத்தாலிருந்து தலை நிமிரலை."

ஒன்றரை மணி நேரம். கடிகாரம் நின்றதிலிருந்து அவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது. ஒருமுறை அவளே விளையாட்டாகப் புது ஆட்டம் தொடங்கிவிட்டாள். மதன் பதறிப் பிடுங்கி அணைத்தான். 'சேவ் பண்ணாத வரைக்கும் நான் உள்ளதான் இருப்பேன். பண்ணினா நான் காலி' என்றான். அன்று சிரித்தார்கள்.

கேட்க வேண்டியது ஒரே வாக்கியம். ஆனால் கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற வாக்கியம் அவள் வளர்ந்த வீட்டில் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. காப்பி வந்தது. குடித்தாள். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்ற கேள்வி வந்தது. சௌக்கியம் என்றாள்.

"இரு, சோறு வடிச்சுட்டேன். கை நனைக்காமப் போனா எங்க மாமனாரு என்னையத்தான் கேப்பாரு."

"அக்கா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"சாப்புட்டுப் பேசலாம்."

இலை போட்டாள். பிரவீனா பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். திடீரென்று கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த அமைதியில் பக்கத்து அறையிலிருந்து மெல்லிய பீப் பீப் இசை கேட்டது. மதன் போர்வைக்குள்ளிருந்து கேட்கவைத்த அதே இசை.

சிந்துஜா கருவியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "அம்மா, செவப்பு லைட்டு மங்குது. மங்கினா சேவ் பண்ணோணும்னு எங்க கிளாஸ்ல சொன்னாங்க. இல்லீன்னா நான் இதுல புடிச்ச ஆந்தை போயிருமாம்." பிரவீனாவைப் பார்த்ததும் நின்றாள்.

"சித்தியக் கேளு. காலேஜ் படிக்கறாங்க" என்று துளசிமணி அடுப்படிக்குள் போனாள்.

"சித்தி, இதுல இங்கிலீஷ்ல என்னமோ கேக்குது. படிச்சுச் சொல்லுங்க."

பிரவீனா எச்சில் கையோடு குனிந்தாள். பழைய ஆட்டம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டிருந்தது. கீழே ஆம், இல்லை. குழந்தையின் கட்டைவிரல் பொத்தான்மேல் காத்திருந்தது.

இல்லை என்பதை அமுக்கவைக்க ஒரு பொய் போதும். அந்த எட்டு வயது முகம் அண்ணாந்து அவளையே பார்த்தது.

"இதுக்குள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்கறாரு கண்ணு. நீ ஆமான்னு அமுக்கினா அவரு போயிருவாரு."

"யாருங்க?"

"என்ற தம்பி."

சிந்துஜா யோசித்தாள். நியாயமாகத்தான் யோசித்தாள். "அந்த மாமன்தான் ஏற்கெனவே செத்துப்போச்சில்லீங்க. என்ற ஆந்தை இன்னும் சாகலீங்களே."

மூன்று மாதமாக எல்லாரும் 'அப்படி ஆயிப்போச்சு' என்றுதான் சொன்னார்கள். இந்தச் சொல்லை யாரும் அவளிடம் சொல்லவில்லை. விரல் கீழே இறங்குவதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்ன செய்தாள் என்பது செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது. கருவி அவள் கையில் இருந்தது. அதன் சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. பொத்தானெல்லாம் சோற்றுப் பருக்கை.

சிந்துஜா உடனே அழவில்லை. வெறும் கையைப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள்.

"இந்தா கண்ணு, இது புதுசு" என்று இடது கையால் மஞ்சள் கேசட்டை எடுத்து நீட்டினாள். "இதுல குட்டி பின்னாலயே நடந்து வரும்."

"என்ற ஆந்தை அதுல இல்லீங்களே."

துளசிமணி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"குடுத்ததைத் திருப்பி வாங்கிட்டுப் போறதுக்கா இத்தனை தூரம் வந்தே?"

"ஆமாங்க்கா."

பிரவீனா கை கழுவினாள். இலையில் பாதிச் சோறு கிடந்தது. துளசிமணி வாசல் வரைக்கும் வந்தாள். குங்குமச் சிமிழை எடுத்து நீட்டவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பிரவீனாவுக்கும் தெரியும், அம்மாவுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும்.

பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் இரண்டு பேட்டரி வாங்கினாள். போட்டாள். விசையில் விரலை வைத்துக்கொண்டு ஒரு கோயமுத்தூர் பஸ்ஸைப் போகவிட்டாள். இன்னொன்றையும். குழந்தையின் விரல் முந்திவிட்டதா, தன் கை முந்தியதா என்று எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் இரண்டு மாதிரியும் நடந்தது.

தள்ளினாள்.

மதன். விளையாடியது அறுபத்தொரு மணி நாற்பது நிமிடம்.

இருந்தான். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. தொடர்க என்பதை அமுக்கினால் நாற்பது நாற்பத்தொன்றாகும், அந்த ஒரு நிமிடம் அவனுடையதாக இருக்காது. மஞ்சள் கேசட்டை அந்த வீட்டிலேயே விட்டு வந்திருந்தாள். அதைப் போட்டு விளையாட அந்தக் குழந்தையிடம் எதுவும் இல்லை என்பது இப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

திரும்பிப் போய்க் கருவியைக் கொடுத்துவிடலாம். உள்ளிருக்கும் மதனின் பழைய கேசட்டை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பேர் பிறகு எதில் தெரியும்?

மூன்றாவது பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து, "அம்மணி, ஏறறீங்களா இல்லீங்களா?" என்றார். அவள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.