ஐந்து நிறமும் ஒரு காப்பும்

“இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் லா! நாலு போட்டாச்சு, அஞ்சாவதுக்கு மட்டும் என்ன வெக்கம்? உதட்ட நீட்டுடி!”

டெபோரா தன் போனை மைலோ டின்னில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியில் கங்கா. இருவருக்கும் பத்தொன்பது வயது, ஒரே எஸ்டேட், அடுத்தடுத்த லைன் வீடு. டெபோரா போன மாதம்தான் லிப்ஸ்டிக் ஏஜெண்ட் ஆகியிருந்தாள். கங்காவின் உதடு குளிரில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்?

“பாருங்க சிஸ், அப்பிக்கிட்ட மாதிரியே இருக்காது. லேசான கலரு. உங்க உதட்டு நிறம் உள்ள தெரியும். வெடிப்புக்கு மருந்து மாதிரி.” டெபோரா கேமராவைப் பார்த்துப் பேசினாள். கொய்யா நிறம் கங்காவுக்கு ஒட்டவே இல்லை. ரோசல் பூச் சிவப்பு பரவாயில்லை. தே ஓ என்று பால் விடாத தேநீரின் பழுப்பு ஒன்று, காய்ச்சல்காரி மாதிரி காட்டியது. நாலாவதாகப் போட்டது மங்கிஸ், மங்குஸ்தான் பழத்தோல் நிறம்; அதில் தன்னைப் பார்த்ததும் கங்கா கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டாள். நானா இது?

உடனே மனசு குத்தியது. அம்மா ஈப்போவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள். இரண்டு மணிக்கு ஆபரேஷன். கழுத்துக் கட்டி, குரல் நரம்பை ஒட்டியே இருக்கிறதாம். உயிருக்குப் பயமில்லை, குரல் போனாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேல்மலையில் நின்று அம்மா பவளம் ஒரு குரல் கொடுத்தால் கீழ் லைனில் அடுப்படியில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலுக்காகத்தான் கங்கா மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். கையில் மஞ்சள் காப்பு கட்டி இன்றோடு ஒன்பது நாள். நாளைக் காலை குடம் எடுக்க வேண்டும்.

“விரதத்துல இதெல்லாம் போடலாமாடி?” என்று முதலிலேயே கேட்டாள்தான்.

“பெட்டியில ஹலால் சாப் குத்தியிருக்கு பாரு. பன்னி கிடையாது, சாராயம் கிடையாது. அவங்களுக்கே ஓகேன்னா உனக்கென்ன லா?”

அது இருவருக்குமே நியாயமாகத்தான் பட்டது.

ஐந்தாவதையும் பூசியாயிற்று. பழக்கதோஷம், கங்கா நாக்கால் உதட்டை ஒரு முறை தடவிக்கொண்டாள். ஐந்து நிறத்துக்கும் ஐந்து முறை. டெபோரா பெட்டியைத் திருப்பி உற்சாகமாகப் படித்தாள். “லனோலின் இருக்கு சிஸ்! இதுதான் உதட்ட ஈரமா வச்சிருக்குது. லனோலின்னா என்னன்னு கேக்குறீங்களா? இருங்க, இங்கயே போட்டிருக்கு… ஆட்டு ரோமத்துல ஊறுற கொழு…”

வாய் அப்படியே நின்றது.

கங்கா எழுந்துவிட்டாள். காப்பு கட்டும்போது பூசாரி சொன்னது அப்படியே காதில் விழுந்தது: கவிச்சி வாயில படக்கூடாது புள்ள. சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை. படக்கூடாது என்றார்.

“ஆட்ட வெட்டலடி, ரோமத்த மட்டும்தான்…”

“பேசாத.”

குழாயடியில் துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். லேசான நிறம்தானே, ஒரே தேய்ப்பில் போய்விட்டது. அந்த வழவழப்புதான் போகவில்லை. மறுபடி தேய்த்தாள். துண்டின் முரட்டு ஓரத்தால் தேய்த்தாள். தண்ணீர் ஐஸாக இருந்தது. வழவழப்பு உதட்டில் இருக்கிறதா, மனசில் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

கோயிலுக்கு ஓடினாள். டெபோரா செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் வந்தாள். பனிமூட்டம் தேயிலைச் செடிகளை முழங்கால் வரை விழுங்கியிருந்தது. வளைவில்தான் போனுக்கு லைன் சரியாகக் கிடைக்கும். அங்கே வந்ததும் போன் அதிர்ந்தது. அப்பா, ஆண்டியப்பன்.

“உள்ள கொண்டுபோயிட்டாங்கமா. முன்னாடி இருந்த கேஸ் கேன்சலாம். அரை மணி நேரமாச்சு.”

அரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் அவள் மங்கிஸ் நிறத்தில் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போறப்ப அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. ‘புள்ள காப்பு பத்திரமா இருக்கா’ன்னு. இருக்குதானே?”

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஈரமாக ஒட்டிக்கிடந்தது.

“இருக்குப்பா.”

கோயிலில் பூசாரி சுப்பிரமணியம் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றும் லோரி ஓட்டுபவர். கங்காவைப் பார்த்ததும் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார்.

“என்ன புள்ள, வாயெல்லாம் ரத்தம்?”

கங்கா எல்லாவற்றையும் சொன்னாள். டெபோரா இடையிடையே “என் தப்பு அங்கிள், என் தப்பு” என்று அழுதாள்.

அவர் தலையைச் சொறிந்தார். “மீனு, முட்ட, கருவாடுன்னா டக்குனு சொல்லிடுவேன். லிப்ஸ்டிக்கு பத்தி எனக்கு யாரும் சொல்லித் தரல புள்ள.” சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “ஆத்தாகிட்டயே பூ கேட்டுப் பாப்போம். வெள்ள வந்தா நாளைக்குக் குடம் எடு. செவப்பு வந்தா காப்ப அவுத்துறணும். வேற வழி இல்ல.”

வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் மடித்து, குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. இந்த நிமிடம் அம்மாவின் கழுத்தில் கத்தி இருக்கிறது. கங்கா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள்.

பிரிக்கவில்லை.

“பிரி லா,” என்றாள் டெபோரா.

“அம்மா வெளிய வரட்டும்.”

“அது முறையில்ல புள்ள. எடுத்தா பிரிக்கணும்.” பூசாரி சொன்னார். ஆனாலும் கையிலிருந்து பிடுங்கவில்லை.

மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பனி மண்டபத்துக்குள் வந்தது, போனது. பொட்டலம் அவள் உள்ளங்கைச் சூட்டில் வதங்கியது. கோயில் வாசலில் லைன் ஒரு கோடுதான். இரண்டேமுக்காலுக்கு அப்பாவின் அழைப்பு விட்டு விட்டுக் கேட்டது.

“முடிஞ்சிருச்சுமா… கண்ணு முழிச்சிட்டா… கையப் புடிச்சா…”

“பேசுச்சாப்பா?”

“வாயத் தொறக்குது. சத்தம் வரல இன்னும். நாளைக்கோ மறுநாளோ தெரியுமாம்.”

கங்கா போனை வைத்தாள். பூசாரி பொட்டலத்தையே பார்த்தார். டெபோரா அவள் தோளைப் பிடித்தாள். சிவப்பாக இருந்தால் காப்பு போயிற்று, குடம் போயிற்று, அம்மாவிடம் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. வெள்ளையாகவே இருக்கலாம். இருக்கலாம்தான்.

அவள் பொட்டலத்தைத் துப்பட்டா முனையில் வைத்து இறுக்க முடிந்தாள்.

“நாளைக்கு இதோடதான் குடம் எடுப்பேன் மாமா. செவப்பா இருந்தா தண்டன எனக்கு வரட்டும். அம்மாவுக்கு வேணாம்.”

பூசாரி ஏணியில் ஏறி, விட்ட இடத்திலிருந்து தோரணத்தைக் கட்டத் தொடங்கினார். அது சம்மதமா, கோபமா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கங்கா அந்த முடிச்சைப் பிடித்தபடியே பனிக்குள் இறங்கி நடந்தாள்.

சொல்லுங்களேன், நீங்களாக இருந்தால் பிரித்துப் பார்த்திருப்பீர்களா?