உள்பக்கம் திறக்கும் கதவு

மேனேஜருக்கு அழகு வேண்டுமாம். பூங்காவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குளத்தைச் சுற்றி வருகிற குட்டி நீராவி ரயில், அச்சு அசல் பெரிய ரயில் மாதிரியே இருக்க வேண்டுமாம். அதற்காக, இத்தனை வருஷமும் திறந்தவெளியில் உட்கார்ந்து எஞ்சினை ஓட்டிய டிரைவரம்மாவைச் சுற்றி ஒரு தகரக் கூண்டு எழும்பிவிட்டது. தலைக்கு மேல் கூரை, முதுகுக்குப் பின்னால் சுவர், இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி வைத்த பச்சைக் கதவுகள். வெளிப்பக்கம் திறந்தால் பிளாட்பாரத்தில் இடித்துப் பெயிண்ட் போய்விடும் என்று கதவுகளை உள்பக்கம் திறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். பெயிண்ட்டுக்கு இருந்த கவலை உள்ளே உட்காருகிறவளின் முழங்காலுக்கு இல்லை.

வேறு யாராவது செய்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுப் போயிருப்பாள். செய்தது ஒர்க்‌ஷாப் ஃபிட்டர், அவளுடைய சொந்த அண்ணன். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் கண் முன்னாலேயே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பிறகு திறக்கப் பார்த்தாள். கதவு முழங்காலில் முட்டிக்கொண்டு நின்றது. காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, கூரையில் தலையை இடித்துக்கொண்டுதான் வெளியே வர முடிந்தது.

"பாத்தியாண்ணே? பாய்லர்ல எவ்வளவு தண்ணி இருக்குன்னு காட்டுற கண்ணாடிக் குழாய் என் மூஞ்சிக்கு நேரா இருக்கு. அது வெடிச்சா கொதிநீர் மொத்தமும் என் மேலதான். நான் எப்படி இறங்குவேன்?"

"எப்பவோ ஒரு தடவை வெடிக்கும். அதுக்குப் போய்..."

"அந்த ஒரு தடவை வெடிச்சப்ப நீ எங்க இருந்தே?"

போன கோடையில் அந்தக் குழாய் வெடித்தபோது, அவள் பக்கத்துப் புல்லில் குதித்ததால் காயம் கையோடு போயிற்று. வெந்த கையைத் தண்ணீரில் காட்டிப் பிடித்துக்கொண்டிருந்தவன் இதே அண்ணன்தான். அவளைவிட அவன்தான் அதிகம் அழுதான். அழுதவனே இந்தக் கதவையும் செய்திருக்கிறான்!

"மேனேஜர் சொன்னாரு, செஞ்சேன். நான் என்னம்மா பண்றது?"

"வெளிய பூட்டுப் போடச் சொன்னா அதையும் போடுவியா?"

ஞாயிற்றுக்கிழமை புதுக் கூண்டோடு முதல் ஓட்டம். பாய்லர் சூடேறி முணுமுணுத்தது. பிளாட்பாரம் முழுக்கப் பிள்ளைகள். கதவைக் கழற்றினால்தான் ஓட்டுவேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். மேனேஜர் சிரித்தார்.

"பயமா இருந்தா விட்டுடும்மா. உங்கண்ணன் ஓட்டுவாரு. நீ இனிமே டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இரு."

பயமாம்! வெந்தவளுக்குப் பயம் இல்லாமல், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவருக்கா இருக்கும்? அவள் பிழைப்பே அந்த எஞ்சின்தான். அது கைவிட்டுப் போகிறது. அண்ணன் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு எஞ்சினை நோக்கி நடந்தான்.

ஏறுவதற்கு முன், பையிலிருந்து குறடை எடுத்தான். வலதுபக்கக் கதவின் கீல் ஆணிகளை உருவினான். கதவைத் தூக்கிப் பிளாட்பாரத்தில் சாய்த்து வைத்தான். அப்புறம்தான் உள்ளே உட்கார்ந்தான். இதையெல்லாம் அவனை யாரும் செய்யச் சொல்லவில்லை.

அவள் நேராக அவனிடம் போனாள்.

"உன் உயிருன்னதும் கதவு கழண்டுடுச்சாண்ணே?"

அவன் கையிலிருந்த ஆணிகளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது.

"இல்லம்மா... யோசிக்காம செஞ்சிட்டேன்."

"உனக்குன்னா யோசிக்காமலே தோணுது. எனக்குன்னா யோசிச்சும் தோணலையே!"

"அங்க என்ன பேச்சு? வண்டிய எடுங்க!" என்று மேனேஜர் கத்தினார்.

அண்ணன் இறங்கினான். மறுபக்கம் போய் இன்னொரு கதவையும் கழற்றினான். "கதவு இனிமே கிடையாது சார். நான் மாட்ட மாட்டேன். வேற ஆளையும் மாட்ட விடமாட்டேன்" என்றான். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரிசையில் நின்ற பெற்றோர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லாமல் விழுங்கிக்கொண்டார்.

"ஓட்டும்மா" என்று அண்ணன், தங்கையை ஏற்றிவிடக் கை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. கூண்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தானாகவே ஏறினாள்.