மூன்றாவது மிதி

பள்ளி வேன் ஓட்டுநரின் வலது கால் பதினேழு நாட்களாகச் சும்மா இருக்கவில்லை. சாப்பிடும்போது தரையை மிதித்தது. தூக்கத்தில் மனைவியின் கணுக்காலை மிதித்தது.

"நான் என்ன பிரேக்கா?" என்று அவளும் திருப்பி உதைத்தாள்.

நெஞ்சு படபடத்தது. கை வியர்த்தது. நேற்று, இருபத்திரண்டு பிள்ளைகளும் ஏறிய பிறகு, வண்டியை எடுக்கமாட்டேன் என்று இறங்கிவிட்டான். முதலாளி தன் செலவிலேயே அவனை டாக்டரிடம் அனுப்பினார். கோளாறு ஓட்டுநரிடம்தான், வண்டியில் இல்லை என்று டாக்டர் எழுதி, இவன் கையெழுத்துப் போட்டால் வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் வேறு ஆள்.

"அப்பா கோவக்காரரா?" என்றார் டாக்டர். "தூக்கம் எப்படி? டீ எத்தனை?"

"ஆறு," என்று மனைவி முந்திக்கொண்டாள். "சொன்னா காதுல விழாது சார்."

டாக்டர் எழுதிக்கொண்டார். "உடம்புக்குள்ள ஒரு அபாய மணி இருக்கு. சில பேருக்கு நெருப்பே இல்லாம அடிக்கும். அதுதான் பதட்டம்."

"நெருப்பு இருந்தா?" என்றான் ஓட்டுநர்.

"இருந்தா அடிக்கத்தானே செய்யும்."

"முதல் மிதியில பிரேக் தரை வரைக்கும் போகுது சார். ரெண்டாவதும் அப்படித்தான். மூணாவதுலதான் பிடிக்குது. மூணு தடவ புகார் நோட்டுல எழுதினேன். தொட்டுக்கூடப் பாக்காம 'சரி'ன்னு போட்டிருக்காங்க. எங்கப்பாவப் பத்திக் கேட்டீங்களே, அந்த வண்டியப் பத்தி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"பாருங்க, இந்தக் கோபமும் ஒரு அறிகுறிதான்."

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் அவன் இதைச் சொன்னதே இல்லை. கையெழுத்துக்காக மேசையில் இருந்த தாளை டாக்டர் பக்கம் தள்ளினாள்.

"காரணம்னு இருக்குற இடத்துல பிரேக்னு எழுதுங்க."

"பிரேக்கெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகாதும்மா."

"அப்போ இவருக்கு நோயும் இல்ல. எந்திரிங்க."

படி இறங்கும்போது முதலாளி போனில் வந்தார். "கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல முதலாளி. காலையில பிள்ளைங்கள ஏத்துறதுக்கு முன்னாடி நீங்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"எனக்கு அந்த வண்டி பழக்கமில்லையே."

"அப்போ பதட்டம் ரெண்டு பேருக்கு இருக்கு. நீங்களும் வந்து டாக்டரப் பாருங்க."

வைத்துவிட்டான்.

"சாவி?" என்றாள் மனைவி.

சட்டைப் பையைத் தட்டினான். "மாத்துச் சாவியும் சேத்து ரெண்டும் என்கிட்டதான்."

"அந்த நோட்டு?"

"வண்டியில, சீட்டுக்கு அடியில."

"எடுத்துட்டு வாங்க," என்றாள். "ஹெட்மாஸ்டர்கிட்ட காட்டுவோம். பள்ளிக்கூடம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."