வெயிலம்மாளின் ஆர்டர்

கோவில்பட்டியில் சாஜிதாவும் உமாதேவியும் கம்பு தோசை மாவு அரைத்து வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. இந்தத் தொழில் இரண்டு குடும்பத்துக்கும் சோறு போடுமா என்பதுதான் இருவரின் கவலையும்.

ஆர்டர்கள் பகலில் வாட்ஸ்அப்பில் வரும். ஒரு செயலி அவற்றைத் தெருவாரியாகப் பிரித்து நிறம் கொடுக்கும். நிறைய பேர் வாங்கும் தெரு பச்சை. ஒரே ஆளை நம்பியிருக்கும் தெரு சிவப்பு; அந்த ஆள் நிறுத்திவிட்டால் தெருவே போய்விடும் அல்லவா, அதற்கான எச்சரிக்கை. ஆளை எப்படிக் கண்டுபிடிக்கும்? போன் எண்ணை வைத்துத்தான். ஓர் எண், ஓர் ஆள்.

புறவழிச்சாலைப் பக்கம் புதுக் குடியிருப்பு வந்தது. இருந்ததோ ஒரே வண்டி. அங்கே போக வேண்டுமானால் ஒரு பழைய தெருவை விட்டாக வேண்டும். தீப்பெட்டி ஆலைக்குப் பின்தெரு சிவப்பாக இருந்தது. அங்கே ஒரே எண், வெயிலம்மாள்.

"ஏட்டி, அந்தம்மா தெனமும் அம்புட்டு மாவு வாங்குதாவளே" என்றாள் உமாதேவி.

"மெஸ் நடத்துதாவ போல. நாளைக்கே சொந்தமா கிரைண்டர் வாங்கிட்டா?"

"ஒரு வார்த்தை கேப்பமா?"

"ஒவ்வொருத்தரையா கேக்கவா செயலி வாங்குனோம்? நீ மாவைப் பாருட்டி."

வண்டி பாதை மாறியது. புதுக் குடியிருப்பு பச்சையாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு அரைக்கிலோ, அதுவும் வாரம் ஒருமுறை. ஐப்பசிக்குள் விற்பனை பாதியாகிவிட்டது.

சாஜிதா பின்தெருவுக்குப் போனாள். வெயிலம்மாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மெஸ் வேலையா என்று சாஜிதா கேட்டாள்.

"மெஸ்ஸா? நல்லா கேட்டீங்க போங்க! இந்தத் தெருப் பொம்பளைகளுக்கெல்லாம் ஆலையிலதான் வேலை. உள்ள போன் கொண்டுபோவக் கூடாதுல்லா, தீக்குச்சி மருந்து இருக்குத எடம். அவளுவ வெளிய வாரதுக்குள்ள உங்க ஆர்டர் நேரம் முடிஞ்சிருது. அதான் வீட்டுல இருக்குத நான் தெருவுக்கே சேத்துச் சொல்லுவேன்."

"நிறுத்துனப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"பெரிய எடத்துக்குப் போறீங்கன்னு எல்லாருக்கும் சந்தோசம். அதைப் போயி தடுப்பாங்களா?"

"இனி தினமும் வாரோம்க்கா."

வெயிலம்மாள் தயங்கினாள். "இப்ப கயத்தாறுக்காரர் ஒருத்தர் மாவு கொண்டு வாராரும்மா. மழையிலயும் வந்து நிக்குதாரு. அவரை எப்பிடி வேண்டாம்னு சொல்ல?"

நடந்ததைச் சொன்னபோது உமாதேவி கோபப்படவில்லை. ஊறப்போட எடுத்த கம்பில் பாதியைத் திரும்பச் சாக்கில் கொட்டினாள்.

"ஜவுளிக்கடையில ஆள் கேக்காவ, சாஜிதா. ஒண்ணாந்தேதி வரச் சொல்லியிருக்காவ."

போகாதே என்று சொல்ல சாஜிதாவுக்கு ஆசைதான். ஆனால் மீதியிருந்த வியாபாரம் ஒரு குடும்பத்துக்கே சோறு போடாது.

"போயிட்டு வா" என்றாள்.